கடைசி மூன்று நாளில் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகின்றன: வீட்டு இன்குபேட்டர், நாகப்பட்டினம் பக்கம்

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 2, இரவு 9:15

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. அம்மா முப்பது வருடமாக வளர்த்து வந்த சிறுவிடை நாட்டுக்கோழிகள் போன ஆடியில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டன. மொத்தம் பதினேழு. அதற்கப்புறம் அம்மா கொல்லைப் பக்கமே போவதில்லை. அந்த வம்சத்தில் இப்போது மிச்சம் இருப்பது சித்தி வீட்டில் உள்ள நான்கு பெட்டையும் ஒரு சேவலும்தான். அதிலிருந்து குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்றுதான் இன்குபேட்டர் செய்தேன்.

மீன் ஏற்றி வரும் தெர்மாகோல் பெட்டி, 40 வாட் பல்பு இரண்டு, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, சூட்டைப் பார்த்து பல்பை அணைத்து ஏற்றும் சின்ன கண்ட்ரோலர். 37.5 டிகிரி வைத்தேன். வீடியோவில் சொன்னபடி இரண்டு கிண்ணம் தண்ணீர். முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, தினம் மூன்று முறை திருப்பினேன்.

24 முட்டை வைத்தேன். 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 4 கூமுட்டை. இரண்டில் ரத்த வளையம், அதாவது கரு தொடக்கத்திலேயே இறந்ததன் அடையாளம். மீதி 18ம் நன்றாக இருந்தன, 17ஆம் நாள்கூட உள்ளே அசைவு தெரிந்தது. ஆனால் 21ஆம் நாள் ஒன்றும் வரவில்லை. 22, 23ஆம் நாளில் ஐந்து வந்தன, அதில் இரண்டு மறுநாளே செத்துவிட்டன. மீதி 13 முட்டை இன்னும் பெட்டியில் இருக்கின்றன. எங்கே தப்பு என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

காங்கேயம்_தோட்டம் | நவம்பர் 2, இரவு 9:50

முதல் தடவையில் 17ஆம் நாள் வரை 18 முட்டையை உயிரோடு கொண்டு வந்திருக்கிறீர்கள். மனசு விட வேண்டாங்க. எங்கள் பக்கம் இப்படி ஆனால் தண்ணீர் போதவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதனால் திரும்பி ஓட்டைக் கொத்த முடியாது. அடுத்த தடவை மூன்று கிண்ணம் வையுங்கள். நான் பெருவிடைக் கோழி முட்டைக்கு அப்படித்தான் செய்கிறேன், நூற்றுக்கு எண்பது வருகிறது.

பழையகூடை | நவம்பர் 2, இரவு 10:20

அம்மாடி, பெட்டியெல்லாம் எதற்கு? சித்தி வீட்டில் நான்கு பெட்டை இருக்கிறதே, ஒன்று அடைக்கு உட்காராமலா இருக்கும்? கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோல் விரித்து, பதினோரு முட்டை வைத்து விடு. இடி இடித்தால் முட்டை கெடும் என்பார்கள், அதற்கு இரும்புத் துண்டும் கரித்துண்டும் ஓரத்தில் போடு. கோழி ஒரு நாளைக்கு எத்தனை தடவை முட்டையை உருட்டும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன், நம்மால் முடியாது.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 2, இரவு 10:35

அத்தை, ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்துதான் முட்டையே குறைந்துபோனது. இன்னொன்று, கோழி அடையிலும் அப்புறம் குஞ்சோடும் இருந்தால் இரண்டு மூன்று மாதம் முட்டை வராது. இருப்பதே நான்கு பெட்டை. அவை முட்டையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குஞ்சும் வர வேண்டும். அதனால்தான் பெட்டி.

வெப்பமானி | நவம்பர் 3, காலை 6:10

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், ஆறு வருடமாக மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறேன். கிண்ணத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 13 முட்டையையும் புதைத்துவிடாதீர்கள். டார்ச் அடித்து, காதில் வைத்துக் கேட்டு, உயிர் இல்லை என்று உறுதியான பிறகு ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். மழுங்கிய முனையிலிருந்து ஓட்டை எடுங்கள். அந்த முனையில் இருக்கும் காற்றறை எவ்வளவு பெரிது, குஞ்சின் அலகு எங்கே இருக்கிறது, உள்ளே ஈரமா காய்ந்திருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேறு சாட்சி கிடையாது.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 3, இரவு 8:40

உடைத்துப் பார்த்தேன். கை நடுங்கியது.

10 முட்டையில் முழுதாக வளர்ந்த குஞ்சு. இறகு, நகம் எல்லாம் இருக்கிறது. ஓட்டை எடுத்ததும் தண்ணீர் மாதிரி வழிந்தது. குஞ்சுகள் ஊறிப்போய் பெரிதாக, ஓட்டுக்குள் இடமே இல்லாமல் நெருக்கிக்கொண்டு இருந்தன. காற்றறை ரொம்பச் சின்னது, பழைய ஐந்து பைசா அளவுதான். ஒன்றின் அலகும் காற்றறைக்குள் வரவில்லை. இன்னொரு முட்டையில் குஞ்சு தலைகீழாக, கூர் முனைப் பக்கம் தலையை வைத்திருந்தது. மீதி இரண்டும் முழுதாக வளராமலே நின்றுபோனவை மாதிரி தெரிந்தன.

வெப்பமானி | நவம்பர் 3, இரவு 9:30

உடைத்துப் பார்த்ததற்கு நன்றி. எல்லாம் அதில் தெரிகிறது. அந்தப் பத்துக் குஞ்சும் மூச்சுவிட இடமில்லாமல் இறந்தவை. தண்ணீர் குறைவு இல்லை, அதிகம்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அடைகாக்கும் நாளெல்லாம் அவற்றின் வழியே ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். 18ஆம் நாள் வரும்போது முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். போன ஈரத்தின் இடத்தில்தான் காற்றறை வளர்கிறது. 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு சவ்வைக் கிழித்து அலகை அந்த அறைக்குள் நீட்டி, வாழ்க்கையில் முதல் மூச்சை அங்கேதான் விடும். அறை வளராவிட்டால் முதல் மூச்சுக்கே காற்று கிடையாது.

இப்போது உங்கள் ஊர்க் காற்று. ஐப்பசியில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதம். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 50, 55தான். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே அது உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது! அதன் மேல் இரண்டு கிண்ணம் வைத்தால் முட்டை காய வழியே இல்லை.

காங்கேயத்தில் சித்திரை வெயிலில் 36 டிகிரி, ஈரப்பதம் 30 என்றால் அதே கணக்கில் பெட்டிக்குள் 28 சதவீதம்தான் வரும். அங்கே கிண்ணம் வைத்தே ஆக வேண்டும். அண்ணன் சொன்னது அவர் தோட்டத்துக்குச் சரி, கடற்கரைக்குச் சரிவராது.

காங்கேயம்_தோட்டம் | நவம்பர் 3, இரவு 10:05

வாத்தியாரே, கணக்கு எனக்குப் பிடிபட்டது. ஆனால் ஒன்று உதைக்கிறது. ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் குஞ்சு ஏன் 22, 23ஆம் நாள் வந்தது? சிறுவிடை முட்டை சின்னது, எங்களிடம் 20ஆம் நாள் ராத்திரியே கொத்த ஆரம்பித்துவிடும். நாள் தள்ளினால் சூடு குறைவு என்று அர்த்தம். தங்கச்சி, சென்சார் எங்கே தொங்குது?

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 3, இரவு 10:15

மூடியிலிருந்து கீழே இறக்கியிருக்கிறேன் அண்ணா. பல்புக்கு ஒரு சாண் தள்ளி.

காங்கேயம்_தோட்டம் | நவம்பர் 3, இரவு 10:20

அதுதானுங்க. பல்புச் சூட்டைச் சென்சார் முதலில் வாங்கிக்கொண்டு பல்பை அணைத்துவிடும். கீழே முட்டைக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. முட்டையின் மேல்மட்டத்தில், பல்பு நேராகத் தெரியாத இடத்தில் கட்டுங்கள். அப்புறம், கண்ட்ரோலர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

வெப்பமானி | நவம்பர் 3, இரவு 10:40

அண்ணன் சொல்வது சரி. நான் ஈரத்தை மட்டும் பார்த்துவிட்டேன். சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், வயிறு பெருத்து மெத்தென்று இருக்கும். கூடினால் 19, 20ஆம் நாளே வரும், தொப்புள் மூடியிருக்காது. உங்களுடையது முதல் வகை.

ஈரப்பத மீட்டரையும் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி, எட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

பழையகூடை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் குஞ்சு பொரிப்பது புதிய வேலை இல்லை. எகிப்தில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் பொரித்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்கள்.

பழையகூடை | நவம்பர் 4, காலை 5:30

இமையில் ஒற்றுவது நல்ல வழிதான். கைக்குக் காய்ப்பு உண்டு, இமைக்குக் கிடையாது.

மருந்துப்பெட்டி | நவம்பர் 4, மதியம் 1:10

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்று: முட்டைகளை எத்தனை நாள் சேர்த்தீர்கள்? எங்கே வைத்திருந்தீர்கள்?

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 4, மாலை 6:30

பதினைந்து நாள். சித்தி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள். அழுக்காக இருந்தவற்றை நான் கழுவினேன்.

மருந்துப்பெட்டி | நவம்பர் 4, இரவு 7:20

கழுவவே கூடாது. முட்டை வரும்போதே மேலே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம், ரொம்ப அசிங்கமானதைச் சாப்பிட எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாளுக்கு மேல் போனால் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். நம் ஊர் 30 டிகிரியில் இன்னும் வேகமாக. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நலிந்துவிடும். உங்கள் ரத்த வளையங்களுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வீட்டில் செய்ய எளிய வழி, அகலமான மண்பானையில் மணல் நிரப்பி ஈரமாக்கி, அதன் மேல் துணி விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி வைத்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

யாழ்_வளவு | நவம்பர் 4, இரவு 9:45

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சின்ன இன்குபேட்டர் ஒன்று பாவிக்கிறேன். தங்கச்சி, உங்கள் பக்கம் இப்போது மழைக்காலம், மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்கள்? 2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நேரம் என் பெட்டியில் 40 முட்டை, 15ஆம் நாள். சுடுதண்ணியைப் போத்தல்களில் நிரப்பி, துணியால் சுற்றி, நான்கு மூலையிலும் வைத்தேன். மேலே போர்வை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தண்ணியை மாற்றினேன். 26 குஞ்சு வந்தது.

குளிரைக் கண்டு பயப்படாதீர்கள். அடைக்கோழியும் தினம் இருபது நிமிஷம் எழும்பி மேயப் போகும். நடு நாட்களுக்குப் பிறகு முட்டையே தன் சூட்டைக் கொஞ்சம் உண்டாக்கும். பயப்பட வேண்டியது அதிக சூட்டுக்குத்தான். 40 டிகிரியைத் தாண்டி ஒன்றிரண்டு மணித்தியாலம் நின்றால் முடிந்தது. மின்சாரம் திரும்பி வந்ததும் போத்தல்களை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், நான் ஒருமுறை மறந்து எட்டு முட்டையை இழந்தேன்.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 7, இரவு 8:00

எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் 37.4, கண்ட்ரோலர் 38.0. அதாவது என் கண்ட்ரோலர் 0.6 கூட்டிக் காட்டுகிறது. சென்சாரையும் பல்புப் பக்கம் கட்டியிருந்தேன். முட்டைகளுக்கு 36.9கூடக் கிடைத்திருக்காது.

உப்புச் சோதனையில் மீட்டர் 66 காட்டியது. 75 காட்ட வேண்டியது! ஒன்பது குறைவு. போன தடவை 58 என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன், உண்மையில் 67.

சித்தி நாளையிலிருந்து முட்டை சேர்க்கிறார்கள், மண்பானையில். கண்ட்ரோலரை 38.1இல் வைத்து, சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். ஆனால் ஈரத்துக்கு எந்த எண்ணை நம்புவது?

வெப்பமானி | நவம்பர் 7, இரவு 8:30

மீட்டரை விடுங்கள், முட்டையைக் கேளுங்கள். சமையலறைத் தராசு, ஒரு கிராம் காட்டுவது போதும். பத்து முட்டைக்கு எண் போட்டு மொத்தமாக எடை பாருங்கள். 18ஆம் நாள் 12 சதவீதம் குறைய வேண்டும். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் அதே பத்தை எடை பாருங்கள். குறைவது போதவில்லை என்றால் தண்ணீரை எடுங்கள், காற்றுத் துளையைக் கூட்டுங்கள். அதிகம் குறைந்தால் தண்ணீர் வையுங்கள்.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 16, மாலை 6:45

எட்டு நாளில் சேர்ந்த 22 முட்டை இன்று மாலை 6 மணிக்கு உள்ளே போயின. எண் போட்ட பத்தின் எடை 430 கிராம். மனசு கேட்காமல் ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 23, இரவு 7:30

7ஆம் நாள். டார்ச் அடித்தேன். மூன்று கூமுட்டை, ஒன்றில் ரத்த வளையம், அந்த நான்கும் எண் போடாதவை. மற்ற 18இலும் சிலந்தி காலை விரித்த மாதிரி ரத்தக் குழாய்கள், நடுவில் கரும்புள்ளி அசைகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

எடை 417. வெறும் 13 கிராம்தான் குறைந்திருக்கிறது.

வெப்பமானி | நவம்பர் 23, இரவு 7:50

20 கிராம் குறைந்திருக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

காங்கேயம்_தோட்டம் | நவம்பர் 23, இரவு 8:15

மூடியில் இன்னும் இரண்டு துளை போடுங்கள். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குக் காற்றும் வேண்டும், வளர வளரக் கூடுதலாக.

கடற்கரைக்கொல்லை | நவம்பர் 29, காலை 6:00

நேற்று ராத்திரி காற்றும் மழையும். 11 மணிக்குப் போன கரண்ட் 5 மணிக்குத்தான் வந்தது. யாழ் அண்ணா சொன்னபடி சுடுதண்ணீர் பாட்டில், போர்வை. துளைகளை மட்டும் மூடவில்லை. அம்மாதான் அடுப்பு பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். முட்டை மட்டத்தில் 34க்குக் கீழே போகவில்லை. கரண்ட் வந்ததும் பாட்டில்களை எடுத்துவிட்டேன்.

யாழ்_வளவு | நவம்பர் 29, காலை 7:10

அது போதும். ஒருவேளை அரை நாள் பிந்தும், கவலைப்படாதீர்கள். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

கடற்கரைக்கொல்லை | டிசம்பர் 4, இரவு 8:20

14ஆம் நாள் எடை 395, இன்று 18ஆம் நாள் 382. மொத்தம் 48 கிராம், 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. காற்றறை முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெரிகிறது. போன தடவை இதில் பாதிகூட இல்லை. 18 முட்டையும் உயிரோடு இருக்கின்றன. திருப்புவதை நிறுத்திவிட்டேன்.

மருந்துப்பெட்டி | டிசம்பர் 4, இரவு 8:45

இப்போது தண்ணீர் வையுங்கள், தாராளமாக. 65, 70க்குப் போகட்டும். இதுவரை முட்டை காய வேண்டும், இனிமேல் சவ்வு காயக் கூடாது. தட்டில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். சாக்குத் துணி போடுங்கள். முக்கியமாக, மூடியைத் திறக்காதீர்கள்.

கடற்கரைக்கொல்லை | டிசம்பர் 7, மாலை 5:40

நேற்று ராத்திரி 9 மணிக்கு முதல் ஓட்டை. இன்று மதியத்துக்குள் 11 குஞ்சு! ஆனால் 4ஆம் எண் முட்டை காலை 8 மணிக்கு ஓட்டை போட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. கத்துகிறது. நானே முட்டை ஓட்டை உரித்துவிடட்டுமா?

பழையகூடை | டிசம்பர் 7, மாலை 5:50

தொடாதே அம்மாடி. கோழிகூட உடைத்துக் கொடுக்காது.

காங்கேயம்_தோட்டம் | டிசம்பர் 7, மாலை 6:00

நான் எடுத்துவிட்டிருக்கிறேன், சில பிழைத்தன. சும்மா பார்த்துக்கொண்டு இருக்க மனசு வராது.

மருந்துப்பெட்டி | டிசம்பர் 7, மாலை 6:10

இன்னும் பத்து மணி நேரம்தான் ஆகிறது. ஓட்டை போட்டதும் குஞ்சு ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும், சவ்வில் இருக்கும் ரத்தம் உடம்புக்குத் திரும்பும். இப்போது உரித்தால் ரத்தம் வழியும், நிறுத்த முடியாது. கத்துவது நல்ல அறிகுறி. 24 மணி நேரம் தாண்டி, சவ்வு வெள்ளையாகக் காய்ந்துபோனால் மட்டும் யோசிக்கலாம். நீங்கள் இப்போது மூடியைத் திறந்தால் ஓட்டை போட்டிருக்கும் மற்ற முட்டைகளும் காயும்.

வெளியே வந்தவற்றுக்குத் தீனி என்று அவசரப்பட வேண்டாம். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். உலர்ந்து பஞ்சு மாதிரி ஆன பிறகு மொத்தமாக எடுங்கள்.

கடற்கரைக்கொல்லை | டிசம்பர் 8, காலை 5:15

4ஆம் எண் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தானாக வந்துவிட்டது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓட்டை வட்டமாகச் சுற்றிக் கொத்தி, காலால் உந்தித் தள்ளி வந்தது.

கடற்கரைக்கொல்லை | டிசம்பர் 8, இரவு 8:30

18இல் 15. மூன்று வரவில்லை. உடைத்துப் பார்த்தேன்: ஒன்று தலைகீழ், இரண்டு காற்றறைக்குள் அலகை நீட்டியபின் இறந்தவை. உள்ளே தண்ணீர் வழியவில்லை.

அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, ஒரு மூலையில் பல்பு, அதன் அடியில் 35 டிகிரி. மறுமூலை குளிர்ச்சியாக விட்டிருக்கிறேன், வேண்டிய இடத்துக்குப் போய்க்கொள்ளட்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம் இல்லையா? முதலில் உடைத்த அரிசி நொய், அப்புறம் குஞ்சுத் தீவனம்.

மருந்துப்பெட்டி அண்ணா, தடுப்பு மருந்து எப்போது? இந்தத் தடவை அதை விடவே மாட்டேன்.

மருந்துப்பெட்டி | டிசம்பர் 8, இரவு 9:00

ஆமாம், வாரம் மூன்று டிகிரி. நொய்யோடு நிறுத்திவிடாதீர்கள், முதல் நாளிலிருந்தே குஞ்சுத் தீவனமும் கலந்து வையுங்கள், புரதம் வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு 5 முதல் 7ஆம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் மறுபடியும் சொட்டு, லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்தை ஐஸ் போட்டுத்தான் கொண்டு வர வேண்டும், கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும், அதனால் பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்தியின் ஐந்து கோழிக்கும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறையின் இலவச முகாமும் நடக்கும்.

கடற்கரைக்கொல்லை | டிசம்பர் 8, இரவு 9:25

சித்தி கோழிகளுக்குப் போடவில்லையாம். சனிக்கிழமை குஞ்சுகளுக்கு 5, 6ஆம் நாள். அன்றைக்கே எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் சொல்லிவிட்டேன்.

அம்மா சாயங்காலம் கொல்லைக்குப் போய்ப் பழைய கூண்டைச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.